முதல் மணிக்கு வந்தவர்

மல்கா ரெக்கா ஊர்ப் படிப்பகத்துக்கு ஸ்பிரிதோன் கலைஜியெவ் எப்படித் தலைவரானார் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: அவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அந்த ஊரில் அதற்குமுன் யாரும் செய்திராத காரியம் அது.

படிப்பகம் ஊர்ச் சதுக்கத்தில் இருந்தது. கீழே நூலகமும் வாசிப்பறையும். மேலே கூட்ட அரங்கு. செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் பாட்டுக்குழு அங்கே ஒத்திகை பார்க்கும். சந்தா கட்டுகிறவர்கள் உறுப்பினர்கள். அவர்கள் கூடித்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விதிகளைப் போடவும் மாற்றவும் வேண்டும். பொதுக்குழுவுக்கு உறுப்பினர்களில் பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும் என்பது சட்டம். வராவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்தவர்கள் எத்தனை பேரானாலும் அவர்களை வைத்துக் கூட்டத்தை நடத்திக்கொள்ளலாம் என்பது அதே சட்டத்தின் அடுத்த வரி. எந்த மகராசன் எழுதினானோ, அந்த அடுத்த வரியை மட்டும் ஊர் முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்தது. கூட்டம் ஐந்து மணிக்கு என்று படிப்பகக் கதவில் ஒட்டினால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் சாவு அறிவிப்புகளை நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, சரி, ஆறு மணிக்கு, என்று சொல்லிக்கொண்டு போவார்கள். வீணாய்ப் போகும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாருக்கும் வருத்தம் இல்லை. அந்த நேரத்தில் யாருமே அங்கே இல்லையே, பிறகு யாருக்கு வீண்?

மாவட்டத் தலைநகரில் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஸ்பிரிதோன் ஊர் திரும்பிய வருடம், ஐந்து மணி என்று போட்டிருந்த கூட்டத்துக்கு ஐந்து மணிக்கே போய்விட்டார். அரங்கில் ஈ காக்கை இல்லை. மார்ச் மாதக் குளிர். அடுப்புக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று இருந்தது, அதில் உட்கார்ந்தார். அது தலைவருடைய நாற்காலி என்று சொல்வதற்கும் ஆளில்லை. பழைய தலைவர் ஸ்பெயினில் மகள் வீட்டோடு போய்த் தங்கிவிட்டிருந்தார்.

ஆறு மணிக்கு ஊர் வந்தது. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸாப் பணியாரமும் வீட்டில் காய்ச்சிய ரக்கியாச் சாராயமும் கூடவே வந்தன. புதுத் தலைவர் யார் என்ற கேள்வி எழுந்ததும் எல்லாரும் தத்தம் காலணியை ஆராயத் தொடங்கினார்கள். கடைசியில் வேட்டைக்காரர் சங்கத்து வல்கோ, வாயில் பனித்ஸாவோடு சொன்னான்.

"அதான் ஒருத்தர் ஒக்காந்திருக்காரே. இப்ப போயி அவர எழுப்பணுமா என்ன?"

எழுப்பவில்லை. கைகள் உயர்ந்தன. ஸ்பிரிதோன் அன்று வீட்டுக்குப் போய் மனைவி பென்காவிடம், ஊர் தன்னைக் கண்டுபிடித்துவிட்டது என்றார். பென்கா அவரோடு நீண்டகாலம் குடித்தனம் செய்தவள். அதனால் சூப்பில் உப்புப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அவர் திருடர் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் அவ்வளவு காலம் இருந்தும் ஒரு குழாய்த் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர் என்று அவரை அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். அங்கே அவருடைய வேலை வால்வுகளைப் பார்த்துக்கொள்வது. தண்ணீரைத் திறந்துவிடுவதற்கும் மூடுவதற்கும் அதே வால்வுதான் என்றாலும், மூடுவதுதான் நிர்வாகம், திறப்பதற்கு எந்த மடையனும் போதும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையோடுதான் புத்தகங்களிடம் வந்து சேர்ந்தார்.

முதலில் ஒரு பித்தளை மணி வாங்கினார். பிறகு விதிகளை எழுதினார். வாசிப்பறைக்குள் தொப்பி கூடாது. குடையை மடித்தும் கொண்டுவரக் கூடாது. படம் போட்ட புத்தகங்களை இரவல் தரக்கூடாது, ஏனென்றால் படத்துக்காகத்தான் எடுக்கிறார்கள். பொதுக்குழு நடக்கும்போது கைப்பேசிகளை வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். கூட்டம் முடிந்தபின்தான் திறக்க வேண்டும். தலைவரோ செயலாளரோ அரங்கை விட்டு வெளியேறினால் கூட்டம் கலைந்ததாகப் பொருள். தலைவர் வாக்களிப்பது இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் மட்டுமே. ஒவ்வொன்றையும் பொதுக்குழுவில் நின்றுகொண்டு உரக்கப் படிப்பார். அவர் எதையாவது படித்து ஊர் பார்த்தது அப்போது மட்டும்தான். அவர் படித்து முடித்தால்தான் பனித்ஸாவை வெட்டுவார்கள் என்பதால் எல்லாரும் கையைத் தூக்கிவிடுவார்கள். இந்த ஊரில் சட்டங்கள் உருவாகும் விதம் இவ்வளவுதான்.

நூலகர் கெனாதான் படிப்பகத்துக்குச் செயலாளரும். நாற்பதைத் தாண்டியவள், குரலை உயர்த்த மாட்டாள், கண்ணை மட்டும் உயர்த்துவாள். புத்தகங்களை உயர வரிசையில் அடுக்கினால் பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று ஸ்பிரிதோன் ஒருமுறை உத்தரவு போட்டார். "ஆகட்டும் தலைவரே" என்றாள். ஒரு புத்தகத்தையும் நகர்த்தவில்லை. வாரம் கழித்து அவர் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நடந்து, இப்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது பார் என்றார். கெனா அதற்கும் ஆகட்டும் என்றாள்.

ஆனால் அடுப்பு விஷயத்தில் அவளால் அப்படி ஏமாற்ற முடியவில்லை, ஏனென்றால் புகை வெளியே தெரியும். வாசிப்பறையிலோ அரங்கிலோ ஏழு பேர் இருந்தால்தான் அங்கே அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று விதி போட்டிருந்தார். அடுப்பு எரியாத அறைக்கு ஏழு பேர் எதற்கு வருவார்கள்? வந்தது இரண்டு பேர். துப்பறியும் கதைகளைக் குவியல் குவியலாகப் படிக்கும் ஓய்வுபெற்ற தையல்காரி தீன்கா ஒருத்தி. கையுறை போட்டுக்கொண்டு, பக்கம் புரட்டும்போது மட்டும் ஒரு விரலை வெளியே எடுப்பாள். இன்னொருவர் ரயில்வேயில் கைகாட்டி இறக்கிக்கொண்டிருந்த கிழவர். செய்தித்தாளை வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் மூச்சுவிட்டு முகத்தைச் சூடாக்கிக்கொள்வார். ஒருநாள் தீன்கா பொறுக்கமாட்டாமல் எதிரே பேருந்துக்கு நின்றவர்களை உள்ளே அழைத்துவந்து உட்காரவைத்து ஏழு ஆக்கினாள். கெனா விறகை அடுக்கிப் பற்றவைத்தாள். விறகு பிடித்துக்கொள்ளும் நேரத்தில் பேருந்து வந்துவிட்டது, பயணிகள் போய்விட்டார்கள். புகையைப் பார்த்துவிட்டு வந்த ஸ்பிரிதோன் தலைகளை எண்ணினார். அணைக்கச் சொன்னார். அணைக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"நாங்க ரெண்டு பேரும் செத்துப்போனா கதவுல ஒட்டறதுக்கு மட்டும் எடம் விட்டு வைங்க தலைவரே," என்றாள் தீன்கா. "உங்க அறிவிப்பெல்லாம் அத மறைச்சுக்கிட்டு நிக்குது."

அவருக்கு அது கேலி என்று தோன்றவில்லை. அறிவிப்புப் பலகைக்கும் ஒரு விதி வேண்டும்தான் என்று யோசித்துக்கொண்டே போனார்.

இந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை இருந்தது. அதுவும் சுவரில் இருந்தது. படிப்பகத்தின் மாடிப்படியை ஒட்டிய சுவரில் அதை நிறுவிய முன்னோர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். எல்லாரும் மீசைக்காரர்கள், எல்லாரும் ஊருக்கு ஏதோ கெடுதல் நேரப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் போல முறைப்பவர்கள். தொடர்ந்து மூன்று முறை தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவரின் படமும் அந்த வரிசையில் இடம்பெறும் என்று ஸ்பிரிதோன் ஒரு விதி எழுதி, பனித்ஸாவுக்கு முன்னால் படித்து, நிறைவேற்றிக்கொண்டார். இரண்டு முறை ஆகிவிட்டிருந்தது. மூன்றாவதுக்குக் காத்திருக்க அவரால் முடியவில்லை. நாடக மேடைக்குத் திரைச்சீலை எழுதுகிறவனைப் பிடித்து எண்ணெய்ச் சாயத்தில் படத்தை எழுதி வாங்கிவிட்டார். கையில் புத்தகம் ஒன்று இருக்கட்டும் என்றாராம். எந்தப் புத்தகம் என்று அவன் கேட்டிருக்கிறான். தடியாக ஏதாவது என்றாராம். அவன் ஒரு தடிப் புத்தகத்தை எழுதி, முதுகில் பெயர் இல்லாமல் விட்டுவிட்டான். திரைச்சீலை எழுதுகிறவர்களிலும் நேர்மையானவர்கள் உண்டு.

ஆணி கூட அடித்தாகிவிட்டது. கடைசி மீசைக்காரருக்கு அடுத்து, வெற்றுச் சுவரில், கெட்டியான ஒரு ஆணி. தினமும் காலையில் படியேறும்போது கட்டைவிரலால் அதை அழுத்திப் பார்ப்பார். அவருடைய வாசிப்பு நேரம் அது என்பாள் கெனா.

அந்த ஆணிக்குத்தான் வினை வந்தது. பால் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக்குழுவை நடத்தும் ரூசாங்கா, ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றபடி, இந்தத் தடவை தலைவர் பதவிக்கு நானும் நிற்கிறேன் என்றுவிட்டாள். என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, தினமும் அடுப்பைப் பற்றவைப்பேன் என்றாள். வேறு என்ன என்று கேட்டதற்கு, வேறு என்ன வேண்டும் என்று கேட்டாள். ஊர் யோசித்துப் பார்த்தது. வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் அதற்கும் தோன்றியது.

ஆறு மணிக்கு வாக்கெடுப்பு நடந்தால் தான் தோற்பது உறுதி என்று ஸ்பிரிதோனுக்குத் தெரிந்துபோயிற்று. ஆகவே ஐந்து மணிக்கே ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தார். அவர் வாழ்நாளில் புத்திசாலித்தனம் என்று சொல்லத்தக்க ஒரே யோசனை அதுதான், அதுவும் கேவலமாக இருந்தது.

இரவல் வாங்கிய புத்தகத்தைத் தவணைக்குள் திருப்பித் தராதவர்களுக்கு உறுப்பினர் உரிமை இல்லை என்று என்றோ எழுதிய விதி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பினார். மல்கா ரெக்காவில் புத்தகம் இரவல் வாங்குவது பக்கத்து வீட்டுப் பூனையை எடுத்து வளர்ப்பதைப் போல. திருப்பித் தருவது என்ற பேச்சு வந்தால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். ஆகவே ஒரே வெட்டில் ஊரே உறுப்பினர் பட்டியலிலிருந்து போய்விட்டது. மிஞ்சியவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அவர்களில் பாதிக்குமேல் வேட்டைக்காரர் சங்கத்து ஆட்கள். வல்கோவைத் தவிர அவர்கள் யாரும் புத்தகமே வாங்கியதில்லை என்பதால் யாருக்கும் தவணை தவறவில்லை. வல்கோ பெயரில் நாய் பழக்கும் புத்தகம் ஒன்று நிலுவையில் இருந்தது. பரவாயில்லை, அவனைக் கழித்தாலும் பாதி தேறிவிடும்.

ஆனாலும் ஸ்பிரிதோன் நியாயமானவர் அல்லவா? புத்தகத்தைத் திருப்பித் தந்த கணமே உரிமை திரும்பிவிடும் என்ற அடுத்த வரியையும் அறிவிப்பில் சேர்த்து ஒட்டினார். விதி முழுதாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சமரசம் கிடையாது. தவிர, திருப்பித் தருகிறவர்கள் ஆறு மணிக்குத்தானே வருவார்கள்? அதற்குள் எல்லாம் முடிந்து, அவர் படியில் நின்று படத்தை நேராக்கிக்கொண்டிருப்பார்.

சதுக்கத்து மதுக்கடையில் வேட்டைக்காரர்களைச் சந்தித்தார். சரியாக ஐந்து மணிக்கு வந்து கையைத் தூக்கிவிட்டால், வாசிப்பறைக்குப் பின்னால் இருக்கும் அறையை அவர்களுடைய மான் கொம்புகளை மாட்டிக்கொள்ள எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கொம்புகளுக்கு வீட்டில் பெண்டாட்டிமார் இடம் தருவதில்லை.

"அஞ்சுன்னா அஞ்சு," என்றார் ஸ்பிரிதோன். "ஆறு இல்ல."

"வெளங்குது அண்ணே," என்றான் வல்கோ. "நாங்க பன்னிக்காகப் பொழுது விடியறதுக்கு முன்னாடியே போயி பனியில கெடக்கற ஆளுங்க. அஞ்சு மணி எங்களுக்குப் பெரிசா?"

பென்காவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. கூட்டத்தன்று அவருடைய கோட்டைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஏய்யா ஸ்பிரோ, அந்தப் படத்த நம்ம வீட்லயே மாட்டிக்கிட்டா என்ன? நான் தெனமும் கைதட்டறேன். ஓட்டு எண்ற வேலயும் இல்ல."

அவர் படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஐந்து அடிக்கும்போது அரங்கில் அவரும் கெனாவும் இருந்தார்கள். கெனா வாசலோரம் ஒரு மேசை போட்டு, திருப்பித் தரும் புத்தகங்களுக்கான முத்திரையும் மைப்பெட்டியுமாக உட்கார்ந்திருந்தாள். விதிப்படி இருவரின் கைப்பேசிகளையும் பெட்டியில் போட்டுப் பூட்டியாயிற்று. சுவரோரம் போர்வைக்குள் படம் சாய்ந்திருந்தது. ஸ்பிரிதோன் மணியை எடுத்து அடித்தார். வரிசை வரிசையாக நாற்காலிகள். அவை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டன.

கொஞ்ச நேரம் கழித்து சன்னலுக்குப் போய்ப் பார்த்தார். சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் மதுக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வேட்டைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியை மேசையில் தயாராக வைத்துக்கொண்டு, படிப்பகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாராவது போகிறார்களா என்று பார்த்தார்கள். ஒருவர் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். ஆனால் மல்கா ரெக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதன் பொதுக்குழுவுக்கு முதல் ஆளாகப் போய் வெறும் அரங்கில் உட்காருவதாவது? சந்தையில் சட்டையில்லாமல் நிற்பதைப் போல அல்லவா இருக்கும்? பனியில் பன்றிக்காகக் கிடக்கலாம், அதை யாரும் பார்ப்பதில்லை.

ஸ்பிரிதோன் சன்னலைத் திறந்து மணியை வெளியே நீட்டி அடித்தார். வல்கோ அதைப் பார்த்தான். பார்த்ததற்கு அடையாளமாகக் கோப்பையை உயர்த்திக் காட்டினான். மற்றவர்களும் உயர்த்தினார்கள்.

"கெனா," என்றார், திரும்பாமல். "நீ ஓடிப்போயி அவங்கள வரச்சொல்லிட்டு வந்துரு."

"செயலாளர் அரங்க விட்டு வெளியே போனா கூட்டம் கலஞ்சதா அர்த்தம், தலைவரே."

"அப்ப ஃபோன எடு."

"கூட்டம் முடிஞ்சாத்தான் பெட்டியத் தொறக்கலாம்." கெனா கண்ணை உயர்த்தினாள். "சாவி உங்க பையிலதான் இருக்கு. நான் ஒண்ணும் பாக்கல."

அவர் கை பைக்குள் போனது. சாவியைத் தொட்டது. அந்த ஒரு கணம் அவர் மனிதராக ஆகியிருக்கலாம்; பெட்டியைத் திறந்திருக்கலாம், படியிறங்கி ஓடியிருக்கலாம், சதுக்கத்தின் நடுவில் நின்று நாலு கெட்ட வார்த்தை கத்தியிருக்கலாம். ஊருக்கு அவரைப் பிடித்துக்கூடப் போயிருக்கும். ஆனால் பையிலிருந்து கை வெறுமனே வெளியே வந்தது. விதியை வளைத்து ஊரையே வெளியே தள்ளத் தயங்காதவர், விதியை உடைக்க மட்டும் கூசினார். இப்படிப்பட்டவர்களுக்கு வளைப்பது நிர்வாகம்; உடைத்தால்தான் பாவம்.

அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அடுப்பு எரியவில்லை, அரங்கில் ஏழு பேர் இல்லை. முதல்முறை வந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டார். அன்று தனியாக இருந்ததால் கிடைத்தது, இன்று தனியாக இருப்பதால் போகப்போகிறது. அதில் ஏதோ அநியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. யாருக்கு எதிராக என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆறு அடித்ததும் படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. கூட்டம் வரும்போது கேட்கும் வழக்கமான சளசளப்பு இல்லை. ஆட்கள் சுமையோடு ஏறும் சத்தம். ஊரே புத்தகங்களோடு வந்துகொண்டிருந்தது. மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்துக் கொடுத்து நடுவில் பள்ளம் விழுந்த ஒரு அகராதி வந்தது. தேனீ வளர்ப்புப் புத்தகம் ஒன்று, பக்கங்கள் மெழுகில் ஒட்டிக்கொண்டு செங்கல்லைப் போல வந்தது. இப்போது இல்லாத நாடுகளெல்லாம் இருக்கும் ஒரு தேசப்படப் புத்தகம், கொழுப்புக்கறை படிந்த சமையல் புத்தகம், இறந்துபோன கணவன் பாதியில் விட்ட நாவலின் நடுவே அவன் வைத்த தீக்குச்சியோடு ஒரு விதவை. கெனா முத்திரை குத்திக்கொண்டே இருந்தாள். மை வற்றியபோது முத்திரையில் மூச்சை ஊதிக்கொண்டு குத்தினாள். மேசை நிரம்பித் தரையில் அடுக்கினார்கள், சுவரோரம் போர்வைக்குள் சாய்ந்திருந்த படத்தை மறைத்துக்கொண்டு புத்தகங்கள் உயர்ந்தன. அவருடைய விதிகளில் ஒன்றாவது புத்தகத்துக்கு நல்லது செய்தது என்றால் அது இதுதான், அதையும் அவர் விரும்பிச் செய்யவில்லை.

வேட்டைக்காரர்களும் கூட்டத்தோடு கூட்டமாக வந்தார்கள். வல்கோ நாய் பழக்கும் புத்தகத்தைக் கெனாவிடம் நீட்டினான். ஒரு மூலை இல்லை.

"நாய் படிச்சிருச்சு," என்றான்.

கூட்டத்தை ஸ்பிரிதோன்தான் நடத்தினார், ஒரு குறையும் இல்லாமல் நடத்தினார். மணி அடித்தார். இரண்டு பெயர்களையும் ஒரே குரலில் படித்தார். ரூசாங்காவுக்கு ஆதரவானவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். தூக்கினார்கள். எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. வேட்டைக்காரர்களின் கைகளும் அங்கே இருந்தன. அவர் வல்கோவைப் பார்த்தார். வல்கோ தூக்கிய கையைத் தூக்கியபடியே சங்கடப்பட்டான்.

"என்னண்ணே பண்றது. எல்லாரும் தூக்குனாங்க. நான் மட்டும் மடியில கைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்கு ஆதரவானவர்கள் என்று கேட்டார். பென்கா வந்திருக்கவில்லை. தலைவர் வாக்களிப்பது சமமாக விழுந்தால் மட்டும்தான். ஆகவே அவருக்கு விழக்கூடிய ஒரே வாக்கும் விழவில்லை. முடிவை அவரே அறிவித்தார், பதிவு செய் என்று கெனாவிடம் சொன்னார், மணியை ரூசாங்காவின் முன்னால் வைத்தார்.

"இத நீங்களே வச்சுக்குங்க அண்ணே," என்றாள் ரூசாங்கா. "எங்களுக்குத் தொண்ட இருக்கு."

பனித்ஸாவை வெட்டினார்கள். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். சாப்பிட்டார். புத்தகக் குவியலுக்குப் பின்னாலிருந்து படத்தை எடுக்க அவரால் முடியவில்லை. யாரையும் கேட்கவும் முடியவில்லை. மறுநாள் கெனா அதை ஆள் வைத்து அனுப்பினாள். பென்கா நிலவறைக்குக் கொண்டுபோய், ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்தபடி நிறுத்தினாள். மிளகாய் ஊறுகாய் எடுக்க இறங்கும் போதெல்லாம் தலைவரே வணக்கம் என்று சொல்லிவிட்டு எடுத்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் வாசிப்பறை அடுப்பு தினமும் எரிந்தது. தீன்கா கையுறையை விட்டுவிட்டாள். ரயில்வேக் கிழவர் செய்தித்தாளை விரித்துப் படிக்கத் தொடங்கினார், அதில் இருந்தது பிடிக்கவில்லை என்று எல்லாருக்கும் சொன்னார். பாதிப்பேர் படிக்க வந்தவர்கள் இல்லை, சூட்டுக்கு வந்தவர்கள். சூட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் எதையாவது புரட்டினார்கள். ஊர் அறிவாளியாகிவிடவில்லை. இரவல் வாங்கியதைத் திருப்பித் தரும் பழக்கமும் அந்த ஒரு நாளோடு தீர்ந்தது. தேனீப் புத்தகம் அடுத்த வாரமே மறுபடி போய்விட்டது.

பனி நன்றாக இறுகிய ஒருநாள் ஸ்பிரிதோன் வந்தார். வீட்டில் விறகு ஈரம் என்று யாரும் கேட்காமலே சொன்னார். உள்ளே நுழையப் போனவரைக் கெனா பார்த்தாள்.

"தொப்பி," என்றாள்.

"அந்த விதி இன்னும் இருக்கா?"

"அத மட்டும் யாரும் எடுக்கல. மறந்துட்டாங்க போல."

அவர் முகத்தில் அன்று ஒரு பெருமை வந்துபோனதை அவள் பார்த்தாள். வாசலில் கோட்டு மாட்டும் கொக்கிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. சுற்றிப் பார்த்தார். பிறகு படியேறிப் போய், கடைசி மீசைக்காரருக்கு அடுத்து இருந்த ஆணியில் தொப்பியை மாட்டினார். ஆணி அசையவில்லை. கெட்டியாகத்தான் அடித்திருந்தார்.

அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, இல்லாத நாடுகள் இருக்கும் அந்தத் தேசப்படப் புத்தகத்தைக் கெனா அவர் முன்னால் வைத்தாள். அதில் தன் மாவட்டத்து நீர்த்தேக்கத்தைத் தேடிப்பிடித்தார். அதை ஆற்றின் தவறான கரையில் வரைந்திருக்கிறார்கள் என்று மாலைவரை பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் காட்டினார். தீன்கா மட்டும்தான் நிமிர்ந்து, கொலைகாரன் யார் என்று தெரிகிற இடத்தில் இருக்கிறேன், தண்ணீரைக் கொஞ்சம் மூடுங்கள் என்றாள்.

மார்ச்சில் பொதுக்குழு அறிவிப்பு ஒட்டினார்கள். ஐந்து மணி என்று போட்டிருந்தது. ஊர் அதை ஆறு என்று படித்துக்கொண்டது. ஸ்பிரிதோன் ஐந்துக்கே போனார். அவர் எப்படியும் போவார் என்று ரூசாங்காவுக்குத் தெரியும். அதனால், கைப்பிடி வைத்த நாற்காலியை அன்று மதியமே அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து, கீழே வாசிப்பறையில் தீன்காவுக்குப் போட்டுவிட்டாள்.